பந்தயத்தில் வைத்த விலா எலும்பு

1

எங்கள் ஊரான கீழக்கரையிலிருந்து யாராவது வியாபார விஷயமாக ரங்கூன் வந்தால், எங்கள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிடாமல் போக மாட்டார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "பாவம்மா நீ, இந்த ஊருல வந்து மாட்டிக்கிட்டியே" என்பார்கள். என் கையால் தின்றுவிட்டு என்னையே பாவம் என்கிற ஆட்களுக்கு நான் என்ன சொல்ல? வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைப்பேன். இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் பாவமும் இல்லை, மாட்டிக்கொள்ளவும் இல்லை. கல்யாணமாகி வந்து இருபத்தொரு வருஷமாக இங்கே குடும்பம் நடத்துகிறேன். வருஷா வருஷம் வெளிநாட்டவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வருகிறேன். "ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கேட்பார். "என் வீடு இங்கேதான் இருக்கிறது" என்பேன். அது பதில் ஆகாது என்று சொல்லிக் கணவர் பெயரை எழுதிக்கொள்வார். மறு வருஷமும் நான் அதையேதான் சொல்வேன்.

ஆனால் இது அந்தப் புத்தகத்தைப் பற்றிய குறிப்பு அல்ல. மாட்டு விலா எலும்பைப் பற்றியது. அதைப் பந்தயமாக வைத்து நான் என் மகளோடு மல்லுக்கு நின்ற கதை.

2

மகள் பெயர் சபீனா. பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் வேலையிடத்திலும் அவள் மா தாண்டா. இங்கே நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வெளியே ஒரு பர்மியப் பெயர். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். வற்புறுத்தினால் தமிழ் வரும், ஆனால் ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஒரு "நோ" ஒட்டிக்கொண்டு வரும். நாம் "சரியா" என்போமே, அந்த இடத்தில் பர்மியர்கள் சொல்வது அது. "போறேன் நோ, உம்மா" என்றுதான் தினமும் படியிறங்குவாள்.

இதில் மூன்றாவதாக ஒரு பாஷை வேறு வந்து சேர்ந்தது. கரண்டு இருக்கிற சாயங்காலங்களில் தெரு முழுக்கக் கொரிய நாடகம்தான். அதைப் பார்த்து அழாத பெண் இந்த ஊரில் இல்லை. நானும் அழுதிருக்கிறேன், மறைப்பானேன். என் மகள் அழுததோடு நிற்காமல் அந்தப் பாஷையைப் படிக்கப் போனாள். படித்து முடித்ததும், ஊர் எல்லையில் இருக்கிற லைங்தாயாவில் கொரியாக்காரர் நடத்தும் ஒரு தையல் ஆலையில் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர்கள் கொரிய பாஷையில் கத்துவதைத் தைக்கிற பெண்களுக்குப் பர்மியத்தில் பதமாகச் சொல்ல வேண்டும். என் வாய்க்குப் பதில் சொல்லிப் பழகியவளுக்கு அது பெரிய வேலை இல்லை.

போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நின்றுகொண்டேதான். ஒரு வருஷம் அப்படிப் போய் வந்தவள் ஒரு நாள் ஒரு படிவத்தோடு வந்தாள். ஆலைக்குப் பக்கத்திலேயே ஆபீஸ் பெண்களுக்கு விடுதி இருக்கிறதாம். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு, வார்டு ஆபீஸில் முத்திரை வாங்கிக் கொடுத்தால் அறை கிடைக்குமாம். என் கையெழுத்து அதில் செல்லாது, நான் வெளிநாட்டுக்காரி. எங்கள் வீட்டுக்காரர் போட வேண்டும். அவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உங்க உம்மா சரின்னா நான் போடுறேன்" என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டார்.

உம்மா சரி என்று சொல்லவில்லை. "அங்க போய் யார் சட்டியில வெந்ததைத் திங்கப் போறே?" என்று கேட்டேன். அதற்கு மேல் பேச்சு இல்லை. படிவம் குர்ஆன் அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்தது.

3

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி இஷா தொழுது எழுந்த நேரம், சபீனா வீட்டுக்குள் வந்தாள். அவளுக்கு முன்னால் வாசம் வந்தது. சுட்ட மாட்டுக் கறி வாசம். சட்டை, தலைமுடி, துப்பட்டா எல்லாவற்றிலும் புகை. ஆலையில் மாதத்துக்கு இரண்டு தடவை ஆபீஸ் ஆட்களை எல்லாம் கொரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போவார்கள் என்று தெரியும். போகாதே என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. ஆனால் மற்ற தடவை எல்லாம் வந்ததும் நேரே குளிக்கப் போய்விடுவாள், இப்படி வாசத்தோடு என் வாசலில் வந்து நிற்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கடையில் யார் அறுத்த மாடு? அல்லாஹ் பெயரில் பிஸ்மி சொல்லியா அறுத்தான்?

"அப்படி என்னத்தைத் தின்னுட்டு வர்றே?" என்று கத்தினேன்.

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கல்பி" என்றாள். "மாட்டு நெஞ்சுக் கம்பி உம்மா. சாறுல ஊற வச்சி சுடுறது."

விலா எலும்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கோபத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அது நேராகப் போகாது, சவால் விடும்.

"அது பெரிய அதிசயமா? அதை நான் செய்றேன். நம்ம கறியில, நம்ம அடுப்புல. செஞ்சு வச்சதைத் தின்னுட்டு, அங்க மாதிரியே இருக்குன்னு உன் வாயால சொன்னியானா, விடுதிப் பேச்சை விட்டுட்டு இங்கேயே இருக்கணும். அங்க மாதிரி இல்லைன்னா நீ போ, வாப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

"நெசமாவே செய்வீங்களா?" என்றாள்.

"செய்வேன்."

"சரி, நோ" என்று சொல்லிக் குளிக்கப் போனாள்.

4

முதல் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. கறி ஆக்க எனக்கு ஒருத்தி சொல்லித் தருவதா? சனிக்கிழமை காலையில் கோ காசிம் கடைக்குப் போனேன். அவர் நம் ஆள்தான், மூன்று தலைமுறையாக இங்கே கறிக்கடை. "என்னாம்மா, சூப்புக்கா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை ஓங்கினார். விலா எலும்பு என்றால் சின்னச் சின்னதாக உடைத்துக் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். "ஓங்காதீங்க! விரல் நீளத்துக்கு அறுத்துக் குடுங்க, மேல இருக்கிற கறி பிரியக் கூடாது" என்றேன். கொரியாக்காரன் தின்கிற மாதிரி செய்யப் போகிறேன் என்றதும் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சுட்டுத் தின்கிற கறி மெதுவாக இருக்க வேண்டும். மெதுவாக்க நம் வீடுகளில் என்ன போடுவோம்? பப்பாளிக்காய். எங்கள் உம்மா கல்யாணக் கறிக்குக் கூட அதைத்தான் அரைத்துப் பூசுவார்கள், அரை மணி நேரம் வைத்து அடுப்பில் ஏற்றுவார்கள். நான் சோயா சாஸ், பூண்டு, பனைவெல்லம் எல்லாம் கலந்து, அதோடு பப்பாளிக்காயையும் தாராளமாக அரைத்துப் போட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டேன். நாடகத்தில் ராத்திரி முழுக்க ஊற விட்டதைப் பார்த்திருந்தேன் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடியைத் திறந்தால் எலும்பு தனியாக, கறி தனியாகக் கிடந்தது. எடுத்துக் கம்பி வலையில் வைத்தேன். கறி கூழாகி, வலைக் கண் வழியாக நெருப்பில் விழுந்தது. புகை குப்பென்று கிளம்பிக் கீழ் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம் கேட்டது. கீழே இருக்கிற அம்மாள் புத்த மதம், மாட்டுக் கறி வாசமே ஆகாது. அன்றைக்கு நான் அவருக்கும் கெட்டவள் ஆனேன்.

ஆமினா மச்சிக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டுக்காரரின் அக்காள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "பன்னி திங்கிறவன் சாப்பாட்டை நம்ம அடுப்புல ஏத்தினா இப்படித்தான் ஆகும்" என்றார். "மாடு என்ன பாவம் பண்ணிச்சு மச்சி? அது நம்ம மாடுதானே?" என்று நானும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கூழைச் சட்டியில் போட்டு வதக்கச் சொல்லிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். "கொத்துக்கறி நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

சபீனாவிடம், "இது கணக்குல சேராது. அடுத்த ஞாயிறு" என்றேன். "அதுக்கு மறுநாள் திங்கட்கிழமை படிவம் குடுக்கணும் உம்மா" என்றாள். "அதுக்குள்ள செய்றேன்" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது எங்கள் உம்மா என் காதில் சொன்னது ஒன்றுதான், கண்டதையும் தின்னுடாதே. நானும் முதல் வருஷம் எழுதிய கடிதங்களில் எல்லாம், வீட்டுச் சோற்றைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று எழுதினேன். பொய். வந்த மூன்றாவது வாரமே, மாமியார் தூங்குகிற நேரம் பார்த்துத் தெருமுனைக்குப் போய் மொஹிங்கா வாங்கிச் சாப்பிட்டேன். மீன் சாறு ஊற்றிய அரிசிச் சேமியா. யார் சட்டி, எந்தக் கரண்டி என்று நான் கேட்கவில்லை, அவ்வளவு ருசி. அதனால்தான் சபீனா சட்டையில் வாசம் வந்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் தின்னாமலா இருப்பாள்?

5

இரண்டாம் தடவைக்கு ரோஷத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன். ஆலை மேலாளர் வீட்டில் சமைக்கிற டோ சேய்ன் என்கிற அம்மாள் புதன்கிழமை தோறும் லத்தா சந்தைக்குச் சாமான் வாங்க வருவார் என்று சபீனா சொல்லியிருந்தாள். சீனாக்காரர் கடைகளுக்கு நடுவில் அவரைத் தேடிப் பிடித்தேன். நல்ல மனுஷி, காய்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்.

பப்பாளிக்காய் என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பேரிக்காய் போட வேண்டுமாம். அதையும் வெங்காயத்தையும் துருவிப் பிழிந்த சாறு போதுமாம். நல்லெண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாதாம், வறுத்த எள்ளில் ஆட்டியது வேண்டுமாம். எலும்பைத் தண்ணீரில் போட்டு, ரத்தம் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டுமாம். அது மட்டும் எனக்குப் பிடித்துப் போனது. நாமும் கறியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவாமல் அடுப்பில் வைக்க மாட்டோமே. கடைசியில், "ஒரு கோப்பை அரிசி மது" என்றார்.

"அது நமக்கு ஆகாது. அது இல்லாமல் செய்யணும்" என்றேன்.

"அது இல்லாமல் அந்த ருசி வராது."

"வரும்" என்றேன். வருமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாய் முந்திக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமி அன்றைக்கு இந்த ஊரில் கறிக்கடை எல்லாம் சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமையே வாங்கியாக வேண்டும், கரண்டோ இரண்டு நாளாக இல்லை. ஐஸ் கட்டி உடைத்துப் போட்ட பெட்டிக்குள் எலும்பை வைத்து, உருக உருக மாற்றினேன். அந்த இரண்டு நாளும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்ததைப் போலப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கூட உட்கார்ந்ததில்லை. இவள் போய்விட்டால் இந்த வீட்டில் தமிழ் பேச எனக்கு யார்? இவர் கடையில் இருப்பார். மச்சி ஞாயிற்றுக்கிழமை வந்து குறை சொல்லிவிட்டுப் போவார். அதற்குத்தான் இத்தனை பாடும் பட்டேன், வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எலும்பு ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்க, அதன் மேல் இருக்கிற கறியை மெல்லிசாகக் கீறிக்கொண்டே போய், பாய் விரிக்கிற மாதிரி விரிக்க வேண்டும். முதல் நாலு எலும்பில் கறி கிழிந்தது. ஐந்தாவதில் கை படிந்தது. வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய்க்கு வழி இல்லாமல், எள்ளை நானே சட்டியில் வறுத்து, இடித்து, நல்லெண்ணெயில் போட்டுச் சூடாக்கினேன். மதுவுக்குப் பதில் இஞ்சிச் சாறு. எல்லாவற்றையும் பிசைந்து மூடி, பிஸ்மி சொல்லி வைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அம்மாள் பகோடாவுக்குப் போகிற நேரம் கேட்டு வைத்துக்கொண்டு, அவர் படியிறங்கின பிறகுதான் பால்கனியில் அடுப்பைப் பற்ற வைத்தேன். த்வாண்டேக்காரர்கள் படகில் கொண்டுவந்து விற்கிற மண் அடுப்பு, மேலே இவர் கடையிலிருந்து கொண்டுவந்த இரும்பு வலை. கறி வலையில் பட்டதும் சீறியது. பனைவெல்லம் சட்டென்று கருகும், கண்ணை எடுக்கக் கூடாது. நான் தடுமாறுவதைப் பார்த்துச் சபீனா என் கையிலிருந்த இடுக்கியை வாங்கினாள். புரட்டினாள், ஓரத்துக்குத் தள்ளினாள், இன்னொரு கையில் கத்தரிக்கோலை எடுத்துக் கறியைத் துண்டு துண்டாக நறுக்கினாள்.

"துணி வெட்டுற கத்தரிக்கோலாலயா?" என்று மச்சி அலறினார். அவர் தனக்கென்று சோற்றில் ஊற்ற மீன் ஆணம் கொண்டுவந்திருந்தார், இதைத் தொட மாட்டேன் என்று சத்தியமே செய்திருந்தார்.

"புதுசு அக்கா, நான் வாங்கினேன்" என்றார் இவர்.

எனக்குக் கத்தரிக்கோல் கண்ணில் படவில்லை. அவள் கைதான் பட்டது. எவ்வளவு பழகின கை! எத்தனை தடவை தின்றிருந்தால் இப்படிச் செய்ய வரும்? இருந்தாலும் அவள் தட்டில் முதல் துண்டுகளை நானே எடுத்து வைத்தேன்.

கீரை இலையில் சோற்றையும் கறியையும் வைத்து மடித்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு எலும்பைக் கையில் பிடித்துக் கடித்து இழுத்தாள்.

"சொல்லு" என்றேன். "அங்க மாதிரி இருக்கா, இல்லையா?"

வாயில் இருந்ததை விழுங்கினாள். "தெரியாது உம்மா."

"தெரியாதுன்னா? தோத்துட்டேன்னு சொல்ல வாய் வரலையா?"

"நான் அங்க தின்னதே இல்ல. எப்படித் தெரியும்?"

"ஒரு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை போனியே?"

"போனேன். சோறும் முட்டைக்கோசு ஊறுகாயும் சாப்பிட்டேன். கறி வச்சா வயித்து வலின்னு சொல்லுவேன். கொஞ்ச நாள் கேட்டாங்க, அப்புறம் 'தாண்டாவுக்கு எப்பவும் வயித்து வலி'ன்னு விட்டுட்டாங்க." அவள் தமிழிலேயே பேசினாள், நிறுத்தி நிறுத்தி. "அங்க வயசுல சின்னவதான் மத்தவங்களுக்குச் சுட்டுக் குடுக்கணும். நான்தான் சின்னவ. எல்லாருக்கும் புரட்டி, வெட்டிப் போடுறது நான்தான், நோ. அதான் சட்டை பூரா புகை."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"தின்னேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே."

"அப்புறம் எதுக்குடி பந்தயத்துக்கு ஒத்துக்கிட்டே?"

அவள் எலும்பைத் தட்டில் வைத்தாள். "செஞ்சு தர்றேன்னு சொன்னீங்க. எனக்கு ஆசையா இருந்துச்சு. ஒரு வருஷமா வாசம் மட்டும்தானே உம்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படி வெட்கப்பட்டதே இல்லை. மூன்றாவது வாரத்தில் தெருமுனைக்கு ஓடினவள் நான். என்னைக் கொண்டு அவளை அளந்திருக்கிறேன். ஒரு வருஷம், நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் சுட்டுப் போட்டுவிட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, இரண்டு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கத்தியிருக்கிறேன். "மன்னிச்சுக்கம்மா" என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் எழுந்து போய், அலமாரி மேலிருந்த படிவத்தை எடுத்து வந்து இவர் முன்னால் வைத்தேன்.

"போடுங்க கையெழுத்தை."

"பந்தயம் என்ன ஆச்சு?" என்றாள் சபீனா.

"பந்தயமும் மண்ணாங்கட்டியும். நீ போ. உன்னைக் காவல் காக்க நான் வேண்டாம்."

இவர் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஆமினா மச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னா ஜெய்னம்பு இது? பொம்பளப் புள்ளைய அந்த ஊருல தனியா விடுறியே. அங்க போயி என்னத்தைத் திங்கும்?"

"ஒன்னும் கிடைக்கலைன்னா பட்டினி கிடக்கும் மச்சி" என்றேன். "ஒரு வருஷமா நம்ம யாருக்கும் தெரியாம அப்படித்தான் கிடந்திருக்கு. நீங்களும் நானும் அந்த நெருப்புக்கு முன்னால ஒரு நாள் அப்படி உக்காந்துட்டு வருவோம், வாங்க. அப்புறம் பேசலாம்."

மச்சி மீன் ஆணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இவர் கையெழுத்துப் போட்டார்.